டிஜிட்டல் என்.சி.: போருக்குப் பிந்தைய சிறு கல்லூரிக் கால்பந்தைத் தேடுவோருக்கு ஓர் இலவசக் காப்பகம்

டிஜிட்டல் என்.சி. என்பது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பழைய செய்தித்தாள்கள், கல்லூரி ஆண்டு மலர்கள், மாணவர் பத்திரிகைகள், நகர முகவரிப் புத்தகங்கள், புகைப்படங்கள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கும் இலவசச் சேவை. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வில்சன் நூலகத்திலிருந்து இயங்கும் வட கரோலினா டிஜிட்டல் மரபு மையம், மாநிலமெங்கும் உள்ள நூலகங்கள், அருங்காட்சியகங்கள், கல்லூரி ஆவணக் காப்பகங்கள் ஆகியவற்றோடு சேர்ந்து இதை நடத்திவருகிறது. இத்தகைய தளங்களைப் பொதுவாகக் குடும்ப வரலாறு தேடுபவர்களும் உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்களும் நாடுவார்கள். என் தேவை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்த அடுத்த ஆண்டில், அதாவது 1946 இலையுதிர் காலத்தில், நார்த் ஸ்டேட் கான்ஃபரன்ஸ் என்ற சிறு கல்லூரிக் கூட்டமைப்பு ஆடிய அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தை, அப்போதே அச்சான வரிகளில் வாரம் வாரமாகப் படிக்க விரும்பினேன். அந்த ஒரு தேவையை வைத்தே இச்சேவையை இங்கு மதிப்பிடுகிறேன். அந்த அளவில் இதற்கு இணையான இலவசச் சேவை எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

சிறு கல்லூரிகளின் ஆட்ட வரலாறு ஏன் எளிதில் கைக்கு எட்டுவதில்லை என்பதற்கு 1947 ஜனவரி 1 என்ற ஒரே நாளை எடுத்துக்கொள்ளலாம். அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த சுகர் பவுல் ஆட்டத்தில் (பவுல் என்பது பருவம் முடிந்தபின் அழைப்பின் பேரில் நடக்கும் தனி ஆட்டம்) வட கரோலினா பல்கலைக்கழகம் ஜார்ஜியாவிடம் 20–10 என்ற கணக்கில் தோற்றது. ஆஷ்வில் நகரைச் சேர்ந்தவரும், கடற்படைப் பணியை முடித்து 1946-இல்தான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருமான சார்லி ‘சூ சூ’ ஜஸ்டிஸ் அந்த அணியின் நட்சத்திரம்; பின்னர் 1948, 1949 ஆகிய இரு ஆண்டுகளிலும், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் கோப்பைக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தவர். அதே நாளில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில், எல்க்ஸ் சங்கத்தினர் அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காகத் தொடங்கிய டாஞ்சரின் பவுலின் முதல் ஆட்டத்தில், வட கரோலினாவின் சாலிஸ்பரி நகரத்துக் கட்டாபா கல்லூரி, டென்னசி மாநிலத்து மேரிவில் கல்லூரியை 31–6 என்று வென்றது. சரியாக ஓராண்டு கழித்து, 1948 ஜனவரி 1 அன்று, அதே ஆர்லாண்டோவில் கட்டாபா மார்ஷல் கல்லூரி அணியை 7–0 என்று வென்றது. இரண்டும் ஒரே மாநிலத்துச் செய்திகள்தாம். ஆனால் பிற்காலத்தில் எழுதப்பட்டவற்றில் ஜஸ்டிஸின் அணிக்கு அத்தியாயங்கள் கிடைத்தன. கட்டாபாவுக்குப் பெரும்பாலும் ஒரு வரி ஸ்கோர் மட்டுமே கிடைத்தது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் பருவத்துக்கு வேறு எங்கும் விரிவான பதிவு இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1946-இல் சிறு கல்லூரிகளுக்கென்று வாராந்தர தேசியத் தரவரிசை கிடையாது, யு.பி.ஐ. செய்தி நிறுவனம் 1958-இலும் ஏ.பி. 1960-இலும்தான் அதைத் தொடங்கின. தேசிய அளவிலான இறுதிப் போட்டியும் இல்லை, சிறு கல்லூரிகளின் விளையாட்டு அமைப்பான என்.ஏ.ஐ.ஏ.-வின் முதல் கால்பந்துச் சாம்பியன்ஷிப் 1956-இல்தான் நடந்தது. சிறு கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்து ஏ.பி. 1934 முதல் அறிவித்துவந்த ‘லிட்டில் ஆல்-அமெரிக்கா’ அணியில் ஓர் ஆட்டக்காரர் இடம்பெற்றால் அது கல்லூரிக்கே பெருமை. மற்றபடி, பக்கத்து மாவட்டத்துக் கல்லூரியை வெல்வதும், கூட்டமைப்புப் பட்டியலில் முதலிடம் பிடிப்பதும், அழைப்பு வந்தால் ஏதாவது ஒரு பவுலுக்குப் பயணம் போவதும்தான் அவர்களுடைய உலகம். அந்த உலகத்தை எழுதியவர்கள் அந்தந்தக் கல்லூரி மாணவர்களும் அந்தந்த ஊர் வாரப் பத்திரிகைக்காரர்களும்தான். அந்தத் தாள்கள் தனித்தனி நூலகங்களில் கட்டுக்கட்டாகக் கிடந்தவரை, பருவத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் மாநிலத்தின் குறுக்கே காரில் அலைய வேண்டியிருந்தது. டிஜிட்டல் என்.சி. செய்திருக்கும் மிகப் பெரிய உதவி, எதிரெதிராக ஆடிய கல்லூரிகளின் தாள்களை ஒரே தேடுபெட்டிக்குள் கொண்டுவந்ததுதான்.

நார்த் ஸ்டேட் கான்ஃபரன்ஸ் 1930-இல் உருவானது. சாலிஸ்பரியின் கட்டாபா, ஹிக்கரியின் லெனோர்–ரைன், கிரீன்ஸ்பரோவின் கில்ஃபோர்டு, ஹை பாயிண்ட் நகரத்தின் ஹை பாயிண்ட் கல்லூரி, ஈலான், மலைப் பகுதியில் பூன் ஊரின் அப்பலாச்சியன் ஆசிரியர் கல்லூரி, கல்லோவீ ஊரின் வெஸ்டர்ன் கரோலினா ஆசிரியர் கல்லூரி ஆகியவை போருக்குப் பின் அதில் ஆடிய அணிகள். கிரீன்வில்லில் இருந்த ஈஸ்ட் கரோலினா ஆசிரியர் கல்லூரி 1947-இல் சேர்ந்தது. இவற்றில் கில்ஃபோர்டு குவேக்கர்களுடையது, லெனோர்–ரைன் லூத்தரன்களுடையது, ஹை பாயிண்ட் மெத்தடிஸ்டுகளுடையது. கட்டாபாவும் ஈலானும்கூடத் திருச்சபைக் கல்லூரிகளே. மலைக் கல்லூரிகள் இரண்டும் அரசு நடத்தியவை. கல்லூரியின் இந்தப் பின்னணி மாணவர் பத்திரிகையின் நடையிலும் இடம் ஒதுக்கீட்டிலும் தெரிகிறது: முதல் பக்கத்தில் பிரார்த்தனைக் கூட்டமும் பாடகர் குழுவின் பயணமும், கடைசிப் பக்கத்திலோ அதற்கு முந்தைய பக்கத்திலோ கால்பந்து. விளையாட்டை மட்டும் வெட்டி எடுத்து அடுக்கும் தரவுத் தளத்தில் கிடைக்காத இந்தச் சூழலை, முழுப் பக்கத்தையும் அப்படியே காட்டும் இச்சேவை பத்திரமாக வைத்திருக்கிறது.

தேடும் அனுபவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டமைப்பைப் பொறுத்தவரை பெயர்களே பெரிய தடை. கட்டாபா என்பது ஒரு பழங்குடி மக்களின் பெயர், ஓர் ஆற்றின் பெயர், ஒரு மாவட்டத்தின் பெயர், ஒரு கல்லூரியின் பெயர். போதாக்குறைக்கு, 1851-இல் கட்டாபா மாவட்டத்து நியூட்டனில் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி 1925-இல் ரோவன் மாவட்டத்துச் சாலிஸ்பரிக்கு இடம் மாறிவிட்டது. இப்போது கட்டாபா மாவட்டத்தில் இருப்பது அதன் போட்டியாளரான லெனோர்–ரைன். கில்ஃபோர்டு என்று தேடினால் கிரீன்ஸ்பரோ அமைந்திருக்கும் கில்ஃபோர்டு மாவட்டத்தின் நிலப் பத்திர அறிவிப்புகள் வரும். ஹை பாயிண்ட் என்று தேடினால் மரச்சாமான் தொழிற்சாலை விளம்பரங்கள் வரும். எனவே கல்லூரிப் பெயரைத் தனியாகத் தட்டுவதில் பயனில்லை. அணியின் பட்டப்பெயரையும் எதிரணியின் பெயரையும் சேர்த்துத் தேடுவதே வழி: மவுண்டனியர்ஸ் என்றால் அப்பலாச்சியன், கேட்டமவுண்ட்ஸ் என்றால் வெஸ்டர்ன் கரோலினா, பேந்தர்ஸ் என்றால் ஹை பாயிண்ட், பேர்ஸ் என்றால் லெனோர்–ரைன், குவேக்கர்ஸ் என்றால் கில்ஃபோர்டு. கட்டாபா அன்று இண்டியன்ஸ் என்றும் ஈலான் ஃபைட்டிங் கிறிஸ்டியன்ஸ் என்றும் அழைக்கப்பட்டன. லெனோர்–ரைனைத் தேடும்போது இரண்டாம் பாதியை மட்டும் தட்டுவது நல்லது. பத்தியின் ஓரத்தில் அந்தப் பெயர் இரண்டாக உடைந்து அடுத்த வரிக்குப் போய்விட்டால், பக்கப் படத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் அதை ஒரே பெயராக அடையாளம் காணாது. பழைய அச்சைப் படிக்கும் எல்லா எழுத்துணரிகளுக்கும் பொதுவான வரம்பு இது. மங்கிய மையும் நெருக்கிய பத்தியும் சேர்ந்தால் எந்த மென்பொருளும் சறுக்கும். அதனால் தேதியைக் குறுக்கி, 1946 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்று வைத்துக்கொண்டு, இதழ்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து கண்ணால் பார்ப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ஒரு மாணவர் பத்திரிகைக்கு நான்கைந்து பக்கங்களுக்கு மேல் இருப்பது அரிது. ஒரு பருவத்தைப் பார்த்து முடிப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை.

அப்படிப் பார்க்கும்போது கண் நிலைக்க வேண்டிய இடம், செய்திக்கு அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் ஆட்டக் கட்டம். நடுவில் நிலைகளின் சுருக்கெழுத்து வரிசை, இருபுறமும் இரண்டு அணியின் பதினொருவர்: முன்வரிசையில் இடப்பக்க ஓரத்தில் நிற்கும் எண்டு முதல் வலப்பக்க எண்டு வரை ஏழு பேர், பிறகு அவர்களுக்குப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக், இரண்டு ஹாஃப்பேக்குகள், ஃபுல்பேக். அதற்குக் கீழே கால்பகுதி வாரியாகப் புள்ளிகள், பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து டச்டவுன் எடுத்தவர்கள், கூடுதல் புள்ளியை உதைத்தவர்கள், மாற்று ஆட்டக்காரர்கள். இன்றைய ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இதைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சிங்கிள் விங் என்ற பழைய ஆட்ட அமைப்பில் ஆடிய அணிகளில் குவார்ட்டர்பேக் என்று குறிக்கப்பட்டவர் பெரும்பாலும் முன்னால் ஓடித் தடுத்துக் கொடுப்பவர். பந்தை வாங்கி ஓடியதும் எறிந்ததும் டெயில்பேக், அவரைக் கட்டத்தில் பெரும்பாலும் ஹாஃப்பேக் நிலையில் காணலாம். 1940-க்குப் பிறகு, குவார்ட்டர்பேக்கே பந்தை வாங்கும் டி ஃபார்மேஷன் என்ற அமைப்பு வேகமாகப் பரவினாலும், 1946-இல் லெனோர்–ரைனின் தலைமைப் பயிற்சியாளரான கிளாரன்ஸ் ஸ்டாசாவிச் சிங்கிள் விங்கை விடவே இல்லை. 1961 வரை அங்கே இருந்து 120 வெற்றி, 37 தோல்வி, 7 சமன் என்ற கணக்கைச் சேர்த்த அவர், 1960-இல் அதே பழைய அமைப்பைக் கொண்டே என்.ஏ.ஐ.ஏ. சாம்பியன் பட்டத்தையும் வென்றார். இறுதி ஆட்டத்தில் ஹம்போல்ட் ஸ்டேட் அணியை வென்ற ஸ்கோர் 15–14. அவருடைய முதல் பருவத்துக் கட்டங்களையும் கடைசிப் பருவத்துக் கட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிவது, ஆட்ட நுட்பத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்தக் காப்பகம் தரும் மிகச் சிறந்த வாய்ப்புகளில் ஒன்று.

மாற்று ஆட்டக்காரர்களின் பட்டியலை யாரும் படிக்காமல் தாண்டிவிடக் கூடாது. ஆட்டத்தின் நடுவே ஆட்களைத் தாராளமாக மாற்றிக்கொள்ள 1941-இல் விதி இடம் கொடுத்தது. 1953-இல் அந்தச் சலுகை மீண்டும் குறுக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தாக்குவதற்கு ஓர் அணி, தடுப்பதற்கு ஓர் அணி என்று பெரிய பல்கலைக்கழகங்கள் இரட்டை அணி முறைக்கு மாறின. சிறு கல்லூரிக்கு அத்தனை ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் இந்தப் பட்டியலின் நீளத்தில் இருக்கிறது. 1941-இன் ஒரு கட்டத்தையும் 1946-இன் ஒரு கட்டத்தையும் ஒப்பிடுங்கள். 1944 ஜூன் 22 அன்று கையெழுத்தான ஜி.ஐ. பில் சட்டம், திரும்பி வந்த படைவீரரின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கொடுத்தது. மாதச் செலவுக்கு 1946-இல் தனி ஆளுக்கு 65 டாலர், குடும்பம் இருந்தால் 90 டாலர். 1947-இல் நாடு முழுவதும் கல்லூரியில் சேர்ந்திருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். சிறு கல்லூரியால் தன் கைப்பணத்தில் ஒருபோதும் சேர்த்திருக்க முடியாத எண்ணிக்கையில் ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்ததற்கு இதுவே காரணம். ஆண்டு மலரில் இருபது வயதைத் தாண்டிய, சிலருக்கு முன்முடி உதிரத் தொடங்கிய முகங்களோடு முதலாண்டு மாணவர்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது, புள்ளிவிவரம் உணர்த்தாத ஒன்று உறைக்கிறது: இவர்களில் பலருக்கு இது இரண்டாவது இளமை.

ஒரே ஆட்டத்தை இரண்டு கல்லூரித் தாள்களில் படிப்பதற்கு வருகிறேன். கில்ஃபோர்டின் ‘கில்ஃபோர்டியன்’, ஈலானின் ‘மரூன் அண்ட் கோல்டு’, ஹை பாயிண்டின் ‘ஹை-போ’ ஆகிய மூன்றையும் நான் அதிகமாகத் திறப்பது இதற்காகவே. மூன்று கல்லூரிகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பவை. வென்ற கல்லூரியின் தாள் ஒவ்வொரு டச்டவுனுக்கும் முந்தைய நகர்வுகளை யார்டு கணக்கோடு சொல்லும். தோற்ற கல்லூரியின் தாள் அந்த நகர்வுகளை ஓரிரு வரியில் முடித்துவிட்டு, காயம்பட்டு வெளியே உட்கார்ந்தவர்களையும், எல்லைக்கோட்டருகே கைநழுவிய பந்தையும், இரண்டாம் பாதியில் காட்டிய துணிவையும் விரிக்கும். இதை ஒருதலைப்பட்சம் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. வென்றவன் கவனிக்காத தடுப்பாட்டத்தைத் தோற்றவன்தான் கவனித்திருப்பான். முன்வரிசையில் எதிரணியைத் தடுக்கும் கார்டு நிலையில் ஆடிய ஒருவர் ஆட்டம் முழுவதும் என்ன செய்தார் என்பது வென்ற அணியின் செய்தியில் ஒருபோதும் வராது. எதிர்த் தாளில் சில சமயம் வரும். இரண்டையும் படித்தவருக்கே ஆட்டம் கிடைக்கிறது. முன்பு இதற்காக நான் கட்டணம் செலுத்திப் பயன்படுத்திய ஒரு பெரிய செய்தித்தாள் காப்பகத்தில், நகர நாளேடுகள் நிறையவே இருந்தன. ஆனால் கல்லூரித் தாள்கள் ஒன்றுகூட இல்லாததால், எந்த ஆட்டத்துக்கும் ஒரே ஏஜென்சிச் செய்தியின் நான்கு நகல்களையே படிக்க வேண்டியிருந்தது. ஆண்டுச் சந்தாவும் கேட்காமலே புதுப்பிக்கப்பட்டது. டிஜிட்டல் என்.சி.யில் பணமும் கேட்பதில்லை, கணக்குத் தொடங்கவும் சொல்வதில்லை.

குறைகளும் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை அசல் தாள்களிலிருந்தே வருபவை. மாணவர் பத்திரிகை நாளேடு அல்ல. வாரத்துக்கு ஒன்று, சில கல்லூரிகளில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஆகவே ஒரு சனிக்கிழமை ஆட்டம் நடந்து, அடுத்த இதழ் வருவதற்குள் இன்னொரு ஆட்டமும் முடிந்துவிட்டால், முதல் ஆட்டத்துக்கு இரண்டு பத்திதான் மிஞ்சும். தேர்வுக் காலத்திலும் நன்றி நவிலல் விடுமுறையிலும் இதழே வராது. பருவத்தின் முக்கியமான கடைசி ஆட்டங்கள் நடப்பதோ அந்த விடுமுறையை ஒட்டித்தான். இந்த ஓட்டையை ஊர் வாரப் பத்திரிகையைக் கொண்டு ஓரளவு அடைக்கலாம். அப்பலாச்சியன் அணியைப் பொறுத்தவரை பூன் ஊரின் ‘வடாகா டெமக்ராட்’ அந்தப் பணியைச் செய்கிறது. கடல் மட்டத்திலிருந்து 3,333 அடி உயரத்தில் இருக்கும் அந்த ஊரின் நவம்பர் மாதத்து வானிலை ஆட்டத்தை என்ன பாடுபடுத்தும் என்பதையும் அதில்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் பெருநகர நாளேடுகளின் 1940-களின் இதழ்களை இங்கே எதிர்பார்த்து வரக் கூடாது. அக்காலத்து நாளேடுகள் பலவற்றுக்கு இன்னும் பதிப்புரிமை இருப்பதால் அவை பெரும்பாலும் கட்டணச் சேவைகளின் கையில்தான் இருக்கின்றன.

புள்ளிப் பட்டியலை நம்பும் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். கூட்டமைப்பில் எல்லோரும் எல்லோரோடும் ஒரே எண்ணிக்கையில் ஆட வேண்டும் என்ற கட்டாயம் இத்தகைய அமைப்புகளில் இருந்ததில்லை. ஓர் அணி ஆறு கூட்டமைப்பு ஆட்டங்கள் ஆடியிருக்கும், இன்னொன்று நான்கே ஆடியிருக்கும். மிச்ச நாட்களை நியூபெரி, கார்சன்–நியூமன் போன்ற வெளிமாநிலக் கல்லூரிகள் நிரப்பியிருக்கும். முதலிடம் வெற்றி விகிதத்தைக் கொண்டு முடிவானது. பருவத்தின் நடுவில் ஒரு மாணவர் பத்திரிகை வெளியிடும் பட்டியலும் அதே வாரத்தில் இன்னொரு கல்லூரித் தாள் வெளியிடும் பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை; எந்த ஆட்டத்தைக் கூட்டமைப்பு ஆட்டமாகக் கணக்கிட்டார்கள் என்பதையும் எந்த நாள் வரையிலான முடிவுகள் கையில் இருந்தன என்பதையும் பார்த்தால் போதும்.

ஆண்டு மலர்களைத் தேடும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, 1946 பருவம் 1947 மலரில்தான் இருக்கும் என்பது. ஆட்டம் இலையுதிர் காலத்தில், மலர் அடுத்த வசந்தத்தில். கட்டாபாவின் ‘சயகினி’, லெனோர்–ரைனின் ‘ஹகாவா’, ஈலானின் ‘ஃபை சை க்ளை’, ஹை பாயிண்டின் ‘ஜெனித்’, அப்பலாச்சியனின் ‘ரோடோடென்ட்ரான்’, கில்ஃபோர்டின் ‘குவேக்கர்’ என்று கூட்டமைப்பின் மலர்கள் ஏறக்குறைய அனைத்தையும் புரட்ட முடிகிறது. எழுத்தளவில் மலர்கள் மாணவர் பத்திரிகைக்கு ஈடாகா. பருவம் முடிந்து பல மாதம் கழித்து எழுதப்பட்டதால் தோல்விகள் சுருங்கிவிடுகின்றன, ஸ்கோர் பட்டியலில்கூடச் சில சமயம் அச்சுப் பிழை தென்படுகிறது. படங்களுக்காகவே இவற்றைத் திறக்க வேண்டும். பக்கத்தைப் பெரிதாக்கினால் தலைக்கவசத்தின் தையல் வரை தெரியும் தெளிவில் படமெடுத்திருக்கிறார்கள். முகத்தைக் காக்கும் கம்பி இல்லை. மூக்கும் வாயும் திறந்தே இருக்கின்றன. தோள்பட்டைக் கவசம் மெல்லியது. நீண்ட சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருக்கிறார்கள். பின்னணியில் சில மர பெஞ்சு வரிசைகள், அதற்கப்பால் வெறும் மேடு. இந்த மைதானத்தில் ஆடியவர்கள் ஆர்லாண்டோவுக்குப் போய் ஆடினார்கள் என்பதை அந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் டாஞ்சரின் பவுல் அழைப்பு அவர்களுக்கு எத்தனை பெரியதாக இருந்திருக்கும் என்று புரிகிறது.

இச்சேவையை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நார்த் ஸ்டேட் கான்ஃபரன்ஸின் கல்லூரிகள் அனைத்தும் அன்று வெள்ளையர்களை மட்டும் சேர்த்துக்கொண்டவை. கட்டாபா இருந்த அதே சாலிஸ்பரியில், கறுப்பினத்தவரின் ஏ.எம்.இ. சயன் திருச்சபை நடத்திய லிவிங்ஸ்டன் கல்லூரியும் இருந்தது. கறுப்பினக் கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் கால்பந்து ஆட்டம் 1892 டிசம்பர் 27 அன்று, லிவிங்ஸ்டன் மைதானத்தில்தான், சார்லட் நகரத்துப் பிடில் கல்லூரிக்கு எதிராக நடந்தது. பிடில்தான் பின்னாளில் ஜான்சன் சி. ஸ்மித் பல்கலைக்கழகம். 1912-இல் தோன்றிய சி.ஐ.ஏ.ஏ. என்ற கறுப்பினக் கல்லூரிக் கூட்டமைப்பில் இவர்கள் ஆடினார்கள். 1946-இல் ஒரே ஊரில் இரண்டு கல்லூரி அணிகள் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பயிற்சி எடுத்தன; பிரிவினைச் சட்டங்களின் கீழ் இரண்டும் தனித்தனிக் கூட்டமைப்புகளில், தனித்தனிப் பட்டியல்களில் இருந்தன. வெள்ளையர் கல்லூரித் தாள்களில் லிவிங்ஸ்டனைப் பற்றிய செய்தியைத் தேடிப் பயனில்லை. அந்தப் பருவத்தைப் படிக்க டர்ஹம் நகரிலிருந்து வெளிவந்த கறுப்பின வார இதழான ‘கரோலினா டைம்ஸ்’ இதழைத் திறக்க வேண்டும். அதுவும் இதே தளத்தில், இதே தேடுபெட்டியில் கிடைக்கிறது. ஒரே தேதி வரம்பை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டமைப்புகளையும் மாறி மாறிப் படிப்பது மனத்துக்கு எளிதான வேலை இல்லை. ஆனால் போருக்குப் பிந்தைய வட கரோலினாவின் சிறு கல்லூரிக் கால்பந்து என்று சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்கு வழி செய்துகொடுத்திருப்பதற்காக மையத்துக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

பயன்பாட்டு வசதியைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகம் இல்லை. பக்கத்தைப் பெரிதாக்கலாம், தரவிறக்கலாம், எழுத்துணரி எடுத்த உரையைத் தனியாகவும் பார்க்கலாம்; தேடிய சொல் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று நிறமிட்டுக் காட்டுகிறது. செய்தித்தாள்களும் ஆண்டு மலர்களும் தனித்தனிப் பிரிவுகளில் இருப்பதால் ஒரே தேடலை இரண்டு முறை செய்ய நேரும். கைப்பேசியில் பத்திரிகைப் பக்கம் படிப்பது கண்ணுக்குச் சிரமம், கணினித் திரையே ஏற்றது. ஆட்டக் கட்டங்களைப் பார்க்கும்போது எழுத்துணரி உரையை நம்பாமல் படத்தையே பார்க்க வேண்டும், ஏனென்றால் மூன்று பத்தியாக அச்சான கட்டத்தில் எந்த ஆட்டக்காரர் எந்த அணி என்பதை மென்பொருள் அடிக்கடி கலந்துவிடும்.

1946-ஐ முடித்துவிட்டு 1947-க்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த ஆண்டில் சேர்ந்த ஈஸ்ட் கரோலினாவின் மாணவர் பத்திரிகையான ‘டெகோ எக்கோ’, ஆண்டு மலரான ‘டெகோவன்’ ஆகியவற்றுக்கு அந்தப் பல்கலைக்கழக நூலகமே நடத்தும் டிஜிட்டல் தொகுப்பை முதலில் பாருங்கள், அதுவும் இலவசம். அதை ஒரு சாளரத்திலும் டிஜிட்டல் என்.சி.யை இன்னொரு சாளரத்திலும் திறந்து வைத்துக்கொண்டு, 1947 செப்டம்பர் மாதத்து இதழ்களிலிருந்து தொடங்கினால், கட்டாபா இரண்டாவது முறை ஆர்லாண்டோவுக்குப் போகும்வரை பருவத்தை இடைவெளி அதிகம் இல்லாமல் படித்துவிடலாம்.